இறக்கையைத் தின்ற பசு

மில்ஃபோர்ட் ஏரிக்கரை,
நியூயார்க் மாநிலம்,
ஜூன் 1911.

அன்புள்ள மச்சான் லைமனுக்கு,

சனிக்கிழமை எங்கள் விமானத்தை ஒரு பசு தின்றுவிட்டது. முழுவதையும் அல்ல, கீழ் இறக்கையில் பாதியை. நீங்களும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் தங்கையும் நலம், என்னோடு மட்டும் பேசுவதில்லை.

ஜவுளிக்கடையில் நாலு காசு பார்த்த நான், சைக்கிள் பழுது பார்க்கும் வெண்டலோடு சேர்ந்து விமானம் கட்ட இறங்கியதும், நீங்கள் பாலாடைக்கட்டி ஆலையை விற்றுப் பங்கு சேர வருவதாகச் சொன்னதும் இருக்கட்டும். நாளை புதன்கிழமை கண்காட்சிக் குழுவினர் வந்து விமானம் பறப்பதைப் பார்த்தால் இரண்டு வாங்குவார்கள், இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டு. அதற்கான ஒத்திகைக்குத்தான் சனிக்கிழமை பறந்தோம். பக்கத்துப் பண்ணைக்காரி ஹல்டா குரூஸின் மேய்ச்சல் நிலத்தில் விமானத்தை இறக்கிவிட்டு, வெண்டலும் விமான ஓட்டி ரோலண்டும் அவள் சமையலறையில் ஆப்பிள் பலகாரம் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தால் பசுவுக்கும் விருந்து நடந்திருக்கிறது! இறக்கைத் துணி விறைப்பாக இருக்க வெண்டல் கஞ்சி போட்டிருக்கிறான், குளிர்காலத்தில் கொடியில் துணி உறையாமலிருக்க நம் பெண்கள் போடுவார்களே, அந்த உப்பையும் சேர்த்து. உப்பென்றால் மாடு விடுமா?

"உங்க மாடு எங்க இறக்கையத் தின்னுடுச்சும்மா!" என்று கத்தினான் வெண்டல்.

"என் மாடு வயிறு உப்பிக் கெடக்கு, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுடா. ஜூன் மாசத்துல எந்த மடையன் கஞ்சில உப்பு போடுவான்?"

"எங்கம்மா அப்படித்தான் போடுவாங்க."

"உங்கம்மா துவைச்சதைக் கொடில போட்டாங்க, ஆகாயத்துல போடல."

இருந்தாலும் நல்ல மனுஷி. தன் படுக்கை விரிப்புகளைக் கிழித்து, உப்பில்லாத கஞ்சி போட்டு, புது இறக்கை தைத்துக் கொடுத்தாள். இப்போது ரோலண்ட் முரண்டு பிடிக்கிறான்: "படுத்துத் தூங்குற துணிய நம்பி நான் மேல ஏற மாட்டேன்."

"என் தையல் மேலயா சந்தேகம்? பக்கத்துல நானும் உக்காருறேன், ஓட்டுடா தம்பி" என்கிறாள் ஹல்டா. அறுபது வயது, என்னைவிட இரண்டு மடங்கு பாரம். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மச்சான், நாளை குழுவினரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இயந்திரத்தைப் படகுக்காரனுக்கு விற்கப் போகிறேன். நீங்கள் ஆலையை விற்காதீர்கள். ஆகாயத்தில் வியாபாரம் இல்லை. அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் ஆண்டவர் எந்தக் குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓரின் டட்டில்

பி.கு.: புதன் மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, நல்லதாயிற்று. நான் குழுத் தலைவரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் இயந்திரச் சத்தம். திரும்பினால், ரோலண்ட் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஹல்டா பறக்கிறாள்! ஏரியைச் சுற்றி வந்து, தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அந்தம்மாவும் விலையில சேர்த்தியா?"

"சேர்த்திதாங்க" என்றேன்.

இரண்டு விமானங்கள், ஒன்பதாயிரம் டாலர், மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்துவிட்டது. ஆலையை விற்றுவிட்டு உடனே வாருங்கள். ஹல்டாவிடம் மட்டும் என் பேரம் எடுபடவில்லை. கண்காட்சியில் தினமும் ஒரு தடவை பறப்பாளாம். இறங்கியதும் கூலி தருகிறேன் என்றேன். "எறங்குவேன்னு நீ ஜாமீன் நிப்பியா?" என்று கேட்டாள். தடவைக்கு இருபது டாலர், மேலே ஏறுவதற்கு முன்பே கையில்.