லட்சம் சுழியமும் ஒரு பேனரும்

மரக்காணம்,
2025 ஏப்ரல் 26, சனி, காலை 6.40.
இலக்கங்கள்: 30,105.

மதிப்புக்குரிய செல்வநாதன் மாமாவுக்கும் அற்புதமேரி அத்தைக்கும் ரெக்ஸின் தோத்திரம். மாமாவுக்குச் சுகர் இறங்கியிருக்கும் என நம்புகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் பேப்பரில் எழுதி, உங்கள் மகள் கிறிஸ்டியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, கிடைத்துவிட்டது! பங்குக்கோயில் புதுநன்மை விருந்தில் அத்தனை பேர் முன்னால், "டேய், பேனர் வைக்கிற மாதிரி ஏதாச்சும் சாதிச்சிட்டு வந்து எம்பொண்ணக் கேளு" என்றீர்களே, சாதித்துவிட்டேன். பெரிய பகா எண் ஒன்றைப் பிடித்திருக்கிறேன். பகா எண் என்றால் என்ன என்பீர்கள். பன்னிரண்டு உப்பு மூட்டையை மூன்று சம வரிசையாக அடுக்கலாம். பதின்மூன்றை ஒரே வரிசையாகத்தான் அடுக்க முடியும். என் எண்ணும் அப்படித்தான், உங்கள் ஆள் கலியபெருமாள் தலைகீழாக நின்றாலும் சம வரிசை வராது. ஒரு லட்சத்து ஒரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஏழால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எழுதுகிற மாதிரி வெறும் ஒன்றும் சுழியமுமாக எழுதினால் மூன்று ஒன்றுகள், நடுவில் சரியாக ஒரு லட்சம் சுழியம், கடைசியில் ஒரு ஒன்று. உங்கள் உப்பளம் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் மாமா! இந்த வகை எண்ணுக்கு ஒரே ஒரு சாட்சி எண் கிடைத்தால் நிரூபணம் முடிந்தது. உங்கள் பத்திரத்துக்கே இரண்டு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி இன்று காலை கிடைத்தது. புரோகிராம் நானே எழுதியது. முதலில் சின்ன எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். அது பயந்தவன் வேலை, நேரம் வீண், தூக்கிவிட்டேன்.

பேனருக்கும் சொல்லியாயிற்று. பிரிண்ட் போடும் ஆரோக்கிய பிரபு, "யாருக்குப்பா காதுகுத்து?" என்றான். "நம்பருக்கு" என்றேன். "அப்ப நம்பரோட போட்டோ அனுப்பு" என்கிறான்! இருபதடி பேனர், நாம் வழக்கமாக எழுதுகிற கணக்கில் மொத்தம் 30,105 இலக்கமும் வரும். நடுவில் என் படம், மூலையில் உங்கள் படம், கூலிங்கிளாஸோடு.

எல்லாருக்கும் மாதா துணையிருக்கட்டும். பெண் கேட்க நாளைக்கே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வருங்கால மருமகன் ரெக்ஸ்

பி.கு.: மாலை 4.10. பேனர் வந்துவிட்டது. கடிதத்தை வாங்க வந்த கிறிஸ்டி என் படத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கடைசி வரிக்குப் போனாள்.

"ஏன் ரெக்ஸு, அஞ்சுல முடியுது?"

"முடியட்டுமே."

"அஞ்சுல முடிஞ்சா அஞ்சால வகுபடும்டா! எங்கப்பா மூட்டைய அஞ்சு வரிசையா ஜம்முனு அடுக்கலாம்."

மாமா, அடுக்கலாம். உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் துருப்பிடித்திருக்க வேண்டும், அல்லது நான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் பிடுங்கி, இதையும் எழுதித் தரச் சொல்லி நிற்கிறாள். வானம் வேறு கருத்துக்கொண்டு வருகிறது. ஆகவே இனி செய்யப்போவது:

1. பேனரை உடனே உங்கள் உப்புக் குவியல்மேல் போர்த்துவேன், எண் உள்பக்கமாக.
2. தூக்கிய அந்த முதல் படியைத் திரும்பச் சேர்ப்பேன்.
3. அடுத்த எண்ணின் கடைசி இலக்கத்தைக் கிறிஸ்டியிடம் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.
4. மழையில் உப்பு கரையாமல் தப்பினால், நாளைக்கு வந்து பெண் கேட்பேன். பேனர் வைத்தவன் நான்தானே?