கழுவிக் கெடுத்த கடமா

உலகத்துல சுத்தம் பாக்கறவ மாதிரி பேஜாரு புடிச்சவ வேற யாரும் கெடையாது. அதுல நாந்தான் மொத ஆளு, அதனால தைரியமா சொல்றேன்.

அப்ப கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுல மீன் வித்துக்கினு இருந்தேன். எம் பொண்ணு மலரு மெட்ராஸ்ல எம்மெஸ்ஸி கடைசி வருசம். ஒரு நாளு ஊட்டுக்கு வந்து, "யம்மா, எட்டு கடமா வேணும்"னா. (தெக்கத்திக்காரங்க கணவாய் மீனும்பாங்க.) கொழம்புக்குன்னு நெனச்சேன். பிராஜெக்ட்டுக்காம்.

"கடமா உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்குதும்மா. கடமா சோறு போடுது, கிருமி வெளிச்சம் குடுக்குது."

"இன்னாடி, வாடகை ஊடா?"

"கடமா சுளுவா எந்தக் கிருமியையும் உள்ள உடாது. புண்ணுல ஊத்துனா நொரைக்குமே ஒரு தண்ணி, அந்த மாதிரி கடமாவே சுரந்து, வர்ற கிருமிய சாவடிக்கும். ஒரு கிருமி மட்டும் அத ஒடச்சி தண்ணியாவும் காத்தாவும் மாத்திடும். அதுக்குன்னு ஒரு என்சைம் வச்சிருக்குது. அது இருந்தாதான் உள்ள தங்க முடியும். நம்ப ஊரு கடமாவுல இருக்குதான்னு பாக்கணும்."

(மாமியாக்காரி ஆசிட்டா ஊத்துவா, அத தண்ணியாக்கிக் குடிக்கிறவதான் அந்த ஊட்டுல நெலைப்பா. இதுக்கு ஒரு டிகிரி வேற.)

"நாளைலேர்ந்து தடைக்காலம்மா. நாப்பத்தஞ்சு நாளு எந்தப் போட்டும் கடலுக்குப் போவாது. இன்னிக்கி உட்டா என் வருசம் போச்சு"ன்னு கண்ணு கலங்கிட்டுப் போனா.

பழவேற்காட்டுலேர்ந்து வந்த கூடையில பொறுக்கிப் பொறுக்கி எட்டு எடுத்தேன். படிச்ச வாத்தியாரு முன்னாடி போற மீனு. மையும் கொழகொழப்புமா குடுத்தா, இவ ஆத்தா எப்பிடிப்பட்டவன்னு நெனைக்க மாட்டாங்க? தோலுரிச்சேன். மைப்பையப் புடுங்கி காக்காவுக்கு எறிஞ்சேன். கல்லுப்பு, மஞ்சத்தூளு போட்டுத் தேச்சி நாலு தண்ணி. மல்லிப்பூவாட்டம் ஆயிடுச்சி. ஐஸ்ல வச்சி, விடிஞ்சதும் ரயிலேறி நானே எடுத்துக்கினு போனேன். (வளையமா நறுக்கிக்கூட இருப்பேன், கத்தி மொக்கையாப் போச்சு.)

காலேஜுல மலரோட சாரு டப்பாவத் தொறந்தாரு. ஒண்ணொண்ணாப் பொரட்டிப் பாத்தாரு.

"மைப்பை எங்கம்மா?"

"அந்த அசிங்கத்தையெல்லாம் எடுத்துட்டேன் சார். கவலையே வாணாம்."

"கிருமி அதுமேலதாம்மா இருக்கும்."

மலரு என்னைப் பாத்த பார்வையில எந்தக் கிருமியும் பொழச்சிருக்காது. "உன்ன யாராவது கழுவச் சொன்னாங்களா?"

வேற வாங்கலாம்னா போட்டெல்லாம் கரையேறிடுச்சி. சாரு கன்னத்துல கை வச்சிக்கினு யோசிச்சாரு. "கடமாவேதான் வேணும்னு இல்ல மலர். கிருமி குடியிருக்கிற உயிரு ஏதாவது ஒண்ணு போதும்."

ரெண்டு பேரும் திரும்பி என்னியப் பாத்தாங்க.

பஞ்சு சுத்துன குச்சிய என் வாயில உட்டு, நாக்கு, கன்னம்னு தேச்சி எடுத்தாங்க. அதுல இருந்த கிருமிய தட்டுல ரெண்டு நாளு வளத்து, அந்தப் புண்ணுத் தண்ணி ஒரு சொட்டு உட்டாங்களாம். அந்த என்சைம் இருந்தா நொரைக்குமாம். அடுப்புல மறந்த பாலு மாதிரி பொங்கிச்சாம். கிளாஸே வந்து வேடிக்கை பாத்துதாம்.

மலரு பாஸாயிட்டா. அவ பிராஜெக்ட் புக்குல என் பேரு கெடையாது. 'விலங்கு: பெண், வயது நாற்பத்தாறு'ன்னு போட்டு வச்சிருக்கா, பெத்தவளுக்கு மரியாதையா.

இப்பவும் ஊட்டுல யாரையாச்சும் திட்ட நான் வாயத் தொறந்தா போதும், மலரக் கட்டுன மாப்ள கிண்ணத்த எடுத்தாந்து என் மோவாய்க்குக் கீழ புடிச்சிக்கினு நிக்கிறாரு. "நீங்க பேசுங்க அத்தே, நொரைய நான் புடிச்சிக்கிறேன்."