மாமனார் காரும் ஜீரோ நம்பர் ஒயரும்

மாமனார் வீட்டில் வாயைத் திறக்காத மருமகனுக்கு ஒரு குறையும் வராது. வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், விசேஷத்துக்கு வேட்டி சட்டை வரும், 'தங்கமான பிள்ளை' என்ற பெயரும் தானாக வந்து சேரும். கல்யாணமாகி எட்டு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். ஒன்பதாவது மாதம் வாயைத் திறந்து, "நான் பாக்கறேன் மாமா" என்றேன். அந்த மூன்று சொல்லுக்கு இன்று வரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆரணிக்காரன். வேலைக்காகப் பெங்களூர் வந்து, அடுகோடியில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்தேன். மாமனார் கர்நாடக அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று என் மனைவி கவிதா. இன்னொன்று வாசலில் நிற்கும் கார்.

அது என்னைவிட வயதில் மூத்த கார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், ஏற்கெனவே என்னால் அதற்கு வேண்டிய மட்டும் அவமானம் நேர்ந்துவிட்டது. கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டுக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மாமா தினமும் காலையில் அதை ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பார். பிறகு என்னைப் பார்த்து, "ஆபீஸ் இருக்கா மாப்பிள்ளை?" என்பார். இருக்கிறது என்பேன். எங்கள் உறவு எட்டு மாதமாக அவ்வளவுதான் வளர்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. (விளக்கப் போனபோது எனக்கும் சரியாக விளங்கவில்லை.)

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கார் நிற்கும் இடத்தின் மேல் பல வருடமாக ஒரு கண். அங்கே ரோஜாத் தொட்டி வைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் முன்னால், மாமா சாவியைத் திருப்பினார். என்ஜின் 'கிர் கிர் கிர்' என்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி கிர் கிர். அத்தை கையில் காபியோடு வெளியே வந்தார்.

"இதோ பாருங்க. ஆயுத பூஜைக்கு இந்த வண்டி தானா ஸ்டார்ட் ஆகி எலுமிச்சம்பழம் மேல ஏறணும். ஏறலைன்னா அன்னிக்கு சாயந்தரமே குஜரிக்காரன். நான் பேசி வெச்சாச்சு" என்றார். (நம் ஊர்ப் பக்கம் காயலான் கடைக்காரர் என்கிறோமே, அவர்தான் பெங்களூரில் குஜரிக்காரர்.)

மாமா பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாகக் காரைப் பார்க்கும் நவாஸ் பாய்க்குப் போன் செய்தார். பூஜை வாரத்தில் மெக்கானிக் கிடைப்பது, முகூர்த்த நாளில் சமையல்காரர் கிடைப்பது மாதிரி. "ஊர் வண்டி மொத்தமும் நம்ம ஷெட்லதான் சார் நிக்குது. பூஜை அன்னிக்கி சாயந்தரம் வர்றேன், அதுக்கு முன்னாடி நக்கோ, முடியாது" என்று பாய் வைத்துவிட்டார். மாமாவின் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

மாமா என்னை முதன்முறையாக முழுதாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?"

"எங்க வேலையே அதுதான் மாமா. எங்க கோளாறுன்னு தேடிக் கண்டுபிடிக்கிறது."

அன்று இரவு சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் அப்பளம் இரண்டு.

மறுநாளிலிருந்து நான் மெக்கானிக். வீடியோ பார்த்து என்ஜினிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, காரின் உடம்பில் தொட்டு வைத்து, மாமாவைச் சாவி போடச் சொன்னேன். பிளக்கின் நுனியில் நெருப்பு தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. "கரண்ட் வரல மாமா" என்று டாக்டர் மாதிரி அறிவித்தேன். ஏன் வரவில்லை என்பதுதான் தெரியவில்லை. எனவே கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினேன். முதல் நாள் நாலு பிளக். இரண்டாம் நாள் இக்னிஷன் காயில். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு சாமான், அவற்றின் பெயரே எனக்கு அன்றுதான் தெரியும். தினமும் ஆபீஸ் முடிந்து ஜே.சி. ரோடு ஓடி, ஒரு கடைக்காரரிடம் பழைய பாகத்தை நீட்டி, "இது மாதிரி ஒண்ணு" என்பேன். அவர் என்னை நாலாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒரு நேரத்துல ஒண்ணை மாத்துங்க. இல்லாட்டி எது கோளாறுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் கவிதா. இதையேதான் நான் ஆபீஸில் என் கீழே வேலை செய்பவர்களுக்குத் தினமும் சொல்கிறேன். வீட்டில் கேட்க எரிச்சலாக இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசி அஸ்திரமாக, நாலு பிளக்குக்கும் கரண்ட்டைப் பங்கிட்டுத் தரும் மூடியை மாற்றினேன். அதிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு ஒயர் போகும். எந்த ஒயர் எந்த பிளக்குக்கு என்று குழம்பாமல் இருக்க, கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் சுற்றி, பேனாவால் நம்பர் எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். 0, 1, 2, 3.

இதில் எனக்குத் தப்பாக எதுவுமே தோன்றவில்லை என்பதை வாசகர்கள் நம்ப வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். நானும் அப்படியே எண்ணப் பழகிவிட்டேன். வரிசையில் முதலில் இருப்பது ஜீரோ. இதை ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இருட்டிவிட்டதால், "காலைல மாட்டிக்கலாம் மாமா, நம்பர் போட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பூஜை நாள் விடிந்தது. கார் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, செவந்தி மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. (நிஜ மாப்பிள்ளையின் முழங்கை வரை கிரீஸ்.) என் லேப்டாப்பும் பூஜை அறையில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. அன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. சரியாக அந்த நேரம் ஆபீஸிலிருந்து போன். ஏதோ ஒரு சர்வர் விழுந்துவிட்டது, உடனே வா. அத்தை முறைக்க முறைக்க, சாமி முன்னாலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். கீபோர்டில் விபூதி கொட்டியிருந்தது.

வெளியே ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா பொறுத்துப் பார்த்தார். பிறகு காரோடு வந்த பழைய புத்தகத்தை எடுத்துவந்து, தானே ஒயர் மாட்ட ஆரம்பித்தார். புத்தகத்தில் மூடியில் ஒயர்கள் வர வேண்டிய வரிசை தெளிவாகப் போட்டிருந்தது: 1, 3, 4, 2. என் டேப்பில் ஒன்று இருந்தது, மூன்று இருந்தது, இரண்டும் இருந்தது. நாலு இல்லை. பூஜ்யம் ஒன்று உபரியாக இருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, நாலு காணோமே?"

காதில் ஹெட்போன். அந்தப் பக்கம் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் சரியா இருக்கும் மாமா!" என்று கையை ஆட்டினேன்.

அரசு வேலையில் முப்பது வருடம் இருந்தவர். விட்டுப்போன இடத்தை எப்படி நிரப்புவது என்று அவருக்குத் தெரியாதா? பூஜ்யத்தை நாலு என்று வைத்துக்கொண்டு மாட்டிவிட்டார். புத்தகத்தின் ஒன்று என் ஜீரோ, அதன் இரண்டு என் ஒன்று; ஆகவே நாலு ஒயரில் ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை. குருட்டாம்போக்கில் மாட்டியிருந்தால்கூட ஒன்றிரண்டு சரியாக விழுந்திருக்கும்.

நான் வெளியே வந்தபோது சந்து முழுக்கக் கூடியிருந்தது. நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அத்தை சந்துக்கே பங்கிட ஒரு சாக்குப் பொரி வாங்கியிருந்தார். சாக்கின் வாயைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எங்க வெக்கிறது மாப்பிள்ளை?" என்றார்.

"கால்ல படாம காருக்குப் பின்னாடி வைங்க அத்தை" என்றேன். இடத்தை விரலால் காட்டியவனும் நான்தான்.

மாமா வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, சாவியைத் திருப்பினார். கிர் கிர் கிர். முன்னால் எங்கோ ஒரு தும்மல். அவர் முகம் மலர்ந்தது. ஐந்து நாளில் கார் முதல் தடவையாக வாய் திறந்திருக்கிறது. "வருது மாப்பிள்ளை, வருது!" மறுபடி திருப்பினார். இன்னும் பெரிய தும்மல். "விடாதீங்க மாமா, நல்லா மிதிங்க!" என்று நான் உற்சாகப்படுத்தினேன். மிதித்தார். எரியாத பெட்ரோலெல்லாம் பின்னால் சைலன்சரில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை திருப்பினார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. சைலன்சருக்குள் அது வெடித்ததில் பொரிச் சாக்கு எழும்பி, சாய்ந்து, ஒரு சாக்குப் பொரியும் வானத்துக்குப் போனது. சந்தில் இருந்த அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு பொரி நிதானமாக இறங்கியது. தலையில், ஆரத்தித் தட்டில், அத்தையின் புதுப் பட்டுப்புடவையில், எதிர்வீட்டுப் பால்கனியில் காய்ந்த துணியில். எதிர்வீட்டு நாகராஜ் மட்டும் எழுந்து, தோளிலிருந்த பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "சூப்பர் சார், இன்னொந்து சல மாடி!" என்றார். இன்னொரு தடவை செய்யச் சொல்கிறாராம்.

அத்தைக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் கன்னடம்தான் வரும். "சாக்கு!" என்றார். போதும் என்று அர்த்தம். "சாக்கு ரீ! குஜரியவனிகே போன் மாடி!"

சந்துக்காரர்கள் காரைத் தள்ளி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார்கள். தானாக ஏற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. செல்லாது என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார். மாமா கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார், மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. ஒரு மனிதர் ஆசையாக வைத்திருந்த ஒரே ஒரு பொருளை, வாய் பேசியே குஜரிக்கு அனுப்பிவிட்டேனே என்று இருந்தது.

சாயங்காலம் குஜரிக்காரர் டெம்போவோடு வந்து, காரைச் சுற்றி வந்து, அங்கங்கே தட்டிப் பார்த்தார். பின்னாலேயே நவாஸ் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பானெட்டைத் திறந்தார். டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கைகு சார், ஏன் இப்படி? ஜீரோ நம்பர் சிலிண்டர் எந்த வண்டியில சார் இருக்கு?"

விளக்கினேன். பாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. நாலு ஒயரையும் பிடுங்கி, நிமிடத்தில் மாற்றி மாட்டி, "போடுங்க சார்" என்றார். ஒரே சாவி. கார் பாட ஆரம்பித்தது. மாமா புது எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி, தானாக, யாரும் தள்ளாமல், நாலையும் நசுக்கிக்கொண்டு சந்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். அத்தைக்குத் தான் சொன்ன சொல் முக்கியம். குஜரிக்காரரைத் திருப்பி அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, நான் கழற்றிப் போட்ட பழைய பாகங்களை அள்ளிக் கொடுத்துவிட்டார். (அவற்றில் ஒன்றுக்குக்கூட ஒரு கோளாறும் இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது.)

பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "முதல்ல என்னா சார் கம்ப்ளெய்ன்ட்?"

"கரண்டே வரல பாய்."

பாய் யோசித்தார். காருக்குள் குனிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். விரலில் ஒரு சின்ன சுவிட்ச் தட்டுப்பட்டது. "திருட்டு பயத்துக்கு நான்தான் மாட்டுனேன். இத அணைச்சா கரண்ட் போவாது, கார் கிளம்பாது. இப்ப ஆன்லதான் இருக்கு."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பெரிய சாருக்குத் தெரியும்."

பெரிய சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தெருக் கம்பத்தின் மின்சார ஒயர்களை மிகுந்த அக்கறையோடு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"தர்மஸ்தலா கோயிலுக்கு பஸ்ல போறப்ப அணைச்சேன் மாப்பிள்ளை. திரும்பி வந்து சுத்தமா மறந்துட்டேன். நேத்து ராத்திரிதான் ஞாபகம் வந்துது, யாருக்கும் தெரியாம போட்டு வெச்சேன். காலைல தானா ஸ்டார்ட் ஆயிடும், உங்களுக்குத்தான் நல்ல பேருன்னு நினைச்சேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "அவளுக்குத் தெரிஞ்சா, டெம்போ இன்னும் சிக்னல் தாண்டியிருக்காது."

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஐந்து நாள் அலைச்சல், ஒரு சாக்குப் பொரி, சந்தில் போன மானம், எல்லாம் ஒரு விரல் சுவிட்சுக்காக. ஆனால் எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் என்னிடம் ஒன்று கேட்கிறார். கோபத்தைவிட அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

"எந்த சுவிட்ச் மாமா?" என்றேன்.

ஆகவே குடும்ப வரலாற்றில் பதிவானது இதுதான்: சின்னக் கோளாறு வந்த காரை மாப்பிள்ளை பெரிதாகக் கெடுத்தார், பாய் வந்து காப்பாற்றினார். இப்போது எழுத மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்பீர்கள். அத்தை படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் சரளமாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்க வராது. கவிதா படிப்பாள், அவளுக்கு அந்தக் காரில்தான் டிரைவிங் கற்றுக்கொடுத்தார் அவள் அப்பா, அதனால் சொல்ல மாட்டாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டுக்கு யார் வந்தாலும், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், அத்தை இட்லித் தட்டோடு என் பக்கம் வருவார். "இது ஜீரோ. இது ஒண்ணு. இது ரெண்டு. ரெண்டுதான் மாப்பிள்ளை ஆச்சு, இன்னொண்ணு வெக்கட்டா?" வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். பொரி மழையிலிருந்து முழுக்கதையும் ஆரம்பமாகும். கவிதா சிரிப்பாள், என் மகள் சிரிப்பாள், முதல் முறை கேட்பவர்களுக்குப் புரையேறும். மாமா மட்டும் தலை நிமிர மாட்டார். அத்தை சமையலறைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, தன் தட்டில் இருக்கும் வடையை எடுத்து என் தட்டில் வைத்துவிடுவார்.