பதினேழு புள்ளி மூன்று விழுக்காடு

மனித குலத்தை மூடத்தனத்திலிருந்து மீட்க வரலாறு எத்தனையோ பேரை அனுப்பிப் பார்த்தது. ஒருவரும் சரிப்படவில்லை. கடைசியில் அந்தப் பொறுப்பு குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், சன்னலோரம் கிடக்கும் மூன்றாவது மேசைக்கு வந்து சேர்ந்தது.

அந்த மேசைக்காரரின் அலுவல் எளிமையானது. தண்ணீர் வரவில்லை என்று எழுதுபவர்களுக்கு 'உரிய நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுத வேண்டும். பதினோரு மணிக்குள் முடித்துவிடுவார். மிச்ச நேரமெல்லாம் நாட்டுக்கு. இணையத்தில் அவர் பெயர் 'தேள்கொடுக்கு'. அரசியல்வாதி, தொலைக்காட்சி, அரைவேக்காட்டு விஞ்ஞானம் மூன்றையும் நாள் தவறாமல் கொட்டுவார். இது கேலி என்று எங்கும் குறிப்புப் போடமாட்டார். கடைசியில் சிரிக்கிற முகம் ஒட்டுவது கோழைகளின் வேலை என்பது அவர் கொள்கை.

"புரியறவனுக்குப் புரியட்டும். புரியாதவன் நமக்கு எதுக்கு?" என்பார்.

புரியாதவர்களைத் திருத்தத்தான் அவர் எழுதவே வந்தார் என்பது சின்ன விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் மேசைக்கு வருவதற்குள், இப்படி ஒரு பதிவு போட்டார்: 'தலைவரின் உரையைத் தினமும் பதினேழு நிமிடம் கேட்டால் ரத்த அழுத்தம் 17.3 விழுக்காடு குறைகிறது: ஆய்வில் கண்டுபிடிப்பு. உரையில் விஷயம் எதுவும் இல்லாததால் மூளை முழு ஓய்வு பெறுவதே காரணம்.'

மதியத்துக்குள் ஒரு செய்தித் தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டது. ஊடகத்துக்கே உரிய பொறுப்புணர்வோடு, சர்ச்சைக்கு இடம் தரும் இரண்டாம் வாக்கியத்தை நீக்கிவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் ஒளிபரப்பியது. மாலையில் விவாதம். ஆளுங்கட்சிப் பேச்சாளர், இது தங்களுக்கு முன்பே தெரியும் என்றும் தன்னடக்கத்தால் வெளியே சொல்லவில்லை என்றும் தெரிவித்தார். எதிர்க்கட்சிப் பேச்சாளர் கொதித்துப்போய் மேசையைத் தட்டினார்: "அப்பட்டமான பொய்! எங்க தலைவர் பேசினா 19.2 குறையுது!" நடுவே 'ஒலியியல் வல்லுநர்' என்ற பட்டத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். குரலின் அதிர்வு ரத்தத்திலுள்ள இரும்பை வரிசையில் நிற்கவைக்கிறது என்று அவர் படம் போட்டு விளக்கினார்.

தேள்கொடுக்கு சோபாவில் உருண்டார். "பாரு, பாரு! என்ன ஒரு மந்தை!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி சிரிக்கவில்லை. அவள் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஓய்வுபெற்ற நில அளவையாளர். பிரஷர்க்காரர். மறுநாள் காலை மாத்திரை அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கைபேசியில் தலைவரின் உரையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி அமர்ந்தார்.

"மாமா, அது நான் எழுதினது" என்றார் தேள்கொடுக்கு.

"எது மாப்ள?"

"அந்த ஆய்வு. சும்மா கிண்டலுக்கு."

மாமனார் ஒரு கண்ணைத் திறந்து மருமகனை மேலிருந்து கீழாக அளந்தார். "நீங்களா? 17.3ன்னு போட்டிருக்கான் மாப்ள. புளுகறவன் இருபதும்பான், முப்பதும்பான். புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் இருந்தா, எவனோ வெயில்ல குனிஞ்சு அளந்திருக்கான்னு அர்த்தம். நாப்பது வருஷம் நெலத்துல அளவுச் சங்கிலி இழுத்தவன்கிட்ட வந்து சொல்றீங்களே!"

"அந்தப் புள்ளி மூணைப் போட்டதே நான்தான் மாமா. பாக்க நல்லா இருக்கும்னு."

"பொறாமை உடம்புக்கு ஆகாது மாப்ள. நீங்களும் பதினேழு நிமிஷம் கேளுங்க."

ஐந்தாம் நாள் காலை மாமனார் குளியலறையில் விழுந்தார். மருத்துவர் கருவியைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்றுத் தொண்ணூறு.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறதில்லை டாக்டர். கேக்கறேன்."

"என்ன கேக்கறீங்க?"

"தலைவரை."

மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "இன்னொரு தடவை விழுந்தா நீங்க எழுந்திருக்க மாட்டீங்க" என்றார். வெளியே வந்ததும் மாமனார் மகளின் காதில் சொன்னார்: "நேத்து உரை பதினாலு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சும்மா. அதான்."

மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் கிண்டல் இல்லை. எனவே தேள்கொடுக்கு தன் ஒன்பது ஆண்டு எழுத்து வாழ்வில் முதன்முறையாக ஒரு நேரான வாக்கியம் எழுதினார்: 'அந்த ஆய்வு நான் இட்டுக்கட்டிய பொய். தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.'

வாசகர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'தயவுசெய்துன்னு போட்டீங்க பாருங்க, அங்க நிக்கறீங்க தல!' என்றார் ஒருவர். 'மாத்திரைக் கம்பெனிக்காரனை இப்படி யாரும் நார்நாராக் கிழிச்சதில்ல' என்றார் இன்னொருவர். பதிவை மாமனாரிடம் காட்டினார். அவர் கீழேயிருந்த கருத்துகளைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாரும் சிரிக்கறாங்க மாப்ள. எனக்கே சங்கடமா இருக்கு."

உண்மை தோற்ற இடத்தில் மேதைகள் சோர்வதில்லை. தேள்கொடுக்கு அன்று மாலையே இரண்டாவது ஆய்வை 'வெளியிட்டார்': காலையில் வழக்கமான மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்து உரையைக் கேட்பவர்களுக்கு அழுத்தம் 31.6 விழுக்காடு குறைகிறது. மாத்திரையில்லாமல் கேட்பது ஆபத்து.

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இப்பத்தான் கணக்கு நேராகுது. மொத அளவுல எங்கயோ பிசகு இருக்குன்னு எனக்கே தோணிச்சு." அலமாரியைத் திறந்து மாத்திரையை விழுங்கினார். பத்தே நாளில் அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. தன் எழுத்து ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று தேள்கொடுக்கு அலுவலகத்தில் நான்கு மேசைகளுக்கும் சொன்னார். அடக்கமாகத்தான் சொன்னார், ஒவ்வொரு மேசையிலும் ஒருமுறை மட்டுமே.

அந்த வாரக் கடைசியில் மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

"ஏங்க, இன்னிக்கு மட்டும் ஆறு பேரு பிரஷர் மாத்திரை வேணாம்னு சீட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. ஒரு பெரியம்மா போனைத் தொறந்து காட்டறாங்க. உங்க மொத பதிவு."

"ரெண்டாவது ஒண்ணு போட்டேனே!"

"அது அவங்களுக்கு வரலையாம். இதுதான் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. அப்பா விழுந்த அன்னைக்கே இதை எடுத்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்?"

தேள்கொடுக்கு தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு கலைஞன் தன் படைப்பைத் தானே அழிப்பது கருத்துரிமைக்கு எதிரானது என்றார். வருங்காலத் தலைமுறை இந்தக் காலத்தின் மடமையை அறிய அது ஓர் ஆவணம் என்றார். மனைவி அவர் கைபேசியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு விரல் வேலைங்க. அழிங்க."

அவர் பதிவைத் திறந்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் பதிவுக்கு நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு லைக் இருந்தது.