எந்த ‘வரேன்’?

தெய்வம் துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அதற்கு முன் ஆள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள்: நான், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்காமல் தூங்கும் உன் அத்தான், வாசல் படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் வெளிநாட்டுக்காரி. மாடியில் குடியிருந்த தையல்காரர் இல்லை. அவர் எப்படி இல்லாமல் போனார் என்பதையும் இதில்தான் எழுதவேண்டியிருக்கிறது.

“நான் கட்டிக்கப்போற பொண்ணுக்கா, முன்னாடி வரா. லீவு கிடைச்சதும் நான் வரேன், அதுவரைக்கும் பாத்துக்கோ” என்று அவள் நாட்டில் இருந்துகொண்டு போனில் சொன்னாய். பார்த்துக்கொண்டேன். புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவள் என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. வந்த மறுவாரம் பஸ்ஸில் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். பின்னால் நின்ற பெரியவர், “கொஞ்சம் தள்ளும்மா” என்றார். பேங்குக் கதவில் ‘தள்ளு’ என்று எழுதியிருப்பதைப் படித்துத் தள்ளிப் பழகியவள் அல்லவா, இரண்டு கையாலும் அவரைத் தள்ளினாள். அவர் போய்க் கண்டக்டர் மேல் விழ, கண்டக்டர் விசிலைத் துப்பிவிட்டு, “ரெண்டு பேரும் இறங்குங்கம்மா” என்றார். வெயிலில் நடந்தே வந்தோம். “அவர்தானே தள்ளச் சொன்னார், அக்கா?” என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைக் கவிழ்த்தது ‘வரேன்’தான். குழாய் ரிப்பேர்காரர் வேலை முடிந்து “வரேம்மா” என்று கிளம்பினார். அவர் திரும்பி வருவார் என்று இருட்டும்வரை இவள் கதவைச் சாத்தவிடவில்லை. அவருக்கென்று ஊற்றி வைத்த டீயில் ஆடை படிந்தது, எறும்பு வந்தது, அவர் வரவில்லை. பிறகு ஒரு இன்ஷூரன்ஸ்காரர். உன் அத்தான் படாதபாடு பட்டுக் கிளப்பிவிட்ட அந்த மனுஷர் “அப்ப நான் வரேன் சார்” என்றதும், இவள் வாசல்வரை பின்னாலேயே போய், “எப்போது வருவீர்கள்?” என்று கேட்டாள். அந்த உத்தியோகத்துக்கு வந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். மறுநாள் காலையிலேயே மேலதிகாரியோடு வந்துவிட்டார். இப்போது உன் அத்தான் தலையில் ஒரு பாலிசி. தெருவில் இவளுக்குப் பெயரே ‘எப்போது வருவீர்கள்’ என்றாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அப்புறம் தையல்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இவளைப் பார்த்து, “உன் சட்டைக்குப் பட்டன்தான் பாக்கி. வரேன் பாப்பா” என்றார். இவள் மாடி விளக்கைப் போட்டு, தையல் மெஷினைத் துடைத்து, பட்டன் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரும் வந்தார். வந்த விதம் வேறு.

எல்லாம் முடிந்தபின் கேட்டாள்: “வருகிறேன் என்றாரே, அக்கா?”

“நாங்க போறேன்னு சொல்ல மாட்டோம்மா. வாய் வராது. போறதுக்குத்தான் வரேன்னு சொல்றது. வந்தா வருவோம்.”

பட்டன் டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, “அப்படியானால் உங்கள் தம்பி சொன்னது எந்த ‘வரேன்’?” என்றாள்.

உன் அத்தான் பேப்பரை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டது அப்போதுதான்.

தம்பி, நான் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். வீட்டுக் கணக்கு எழுதி எழுதித்தான் எனக்கு எழுத்தே வந்தது. வராததை ஒருநாளும் வரவில் எழுதியவள் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் “வரேன்க்கா, வரேன்க்கா” என்று வைத்துவிட்டாய். அந்தக் குரலில் எனக்குக் குழாய் ரிப்பேர்காரர்தான் கேட்டார். ஒன்று நீ வா, இல்லாவிட்டால் இவளை அங்கே கூப்பிட்டுக்கொள். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைத் தாண்டித் தாண்டி எத்தனை நாள் நான் படியைப் பெருக்குவது? என்னால் இனி இவளை வைத்துக்கொள்ள முடியாது.

சாமிக்கு விளக்கேற்றும்போது உன்னையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். உன் அத்தானும் பேப்பருக்கு அடியிலிருந்து விசாரித்ததாக வைத்துக்கொள். எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்து பெட்டியை எடுத்தாள். பட்டன் இல்லாத அந்தச் சட்டையை ஊக்கு குத்திப் போட்டிருந்தாள். எங்கேம்மா என்றேன். “போயிட்டு வரேன்க்கா” என்றாள். புத்தகத் தமிழ் இல்லை, நம்மைப் போலவே சொன்னாள். உன் அத்தான் பேப்பரை வீசிவிட்டுத் தெருமுனைவரை ஓடினார். அவ்வளவு கூட்டத்தில் எங்கே கண்டுபிடிப்பது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அவளை வைத்துக்கொள்ள என்னால் முடியும். கதவைச் சாத்தாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வந்து சேர்ந்தாளா என்று சீக்கிரம் பதில் போடு.