இன்னும் பத்தடி ஆசாமி

பத்தொன்பது வருடமாக நெங்காவின் நெஞ்சுக்குள் ஒரு புகைச்சல். எரிமலைக்கு வழிகாட்டிப் பிழைக்கிறவனுக்குப் புகைச்சல் என்ன புதுசா என்று கேட்காதீர்கள். மலை புகைந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. இது மலை ஏற வருகிற ஓர் இனத்தைப் பற்றியது. அந்த இனத்துக்கு நெங்கா வைத்திருக்கும் பெயர் 'இன்னும் பத்தடி ஆசாமி'.

இவர் ஜகார்த்தாவிலிருந்தும் வருவார், சிட்னியிலிருந்தும் வருவார். மொழி வேறு, வாய் ஒன்றுதான். பாத்தூர் எரிமலையில் சூரியோதயம் பார்க்க வந்ததாகச் சொல்வார். பார்க்க மாட்டார். விடியுமுன் எழுந்து, மூச்சு வாங்க ஏறி, எரிமலைக் கல்லில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உச்சிக்கு வந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி, கையை நீட்டிப் போனைப் பிடித்து, அதில் தன் மூஞ்சியைப் பார்ப்பார். அதை வீட்டுக் கண்ணாடியில் பார்த்துத் தொலைத்தால் என்ன?

வெயில் அடித்தால் அது அவருடைய அதிர்ஷ்டம். மேகம் மூடினால் அது நெங்காவின் குற்றம்.

போன வாரம் வந்த விபிசானா என்பவர் இந்த இனத்தில் முதல் தரம். ஜகார்த்தாவில் பெரிய மேனேஜர். புதுத் தொப்பி, புது பூட்ஸ், கூடவே மனைவி ரெத்னோ. அடிவாரக் கோயிலில் நெங்கா ஓலைத் தட்டில் பூவும் நாலு பருக்கைச் சோறும் வைத்து ஊதுபத்தி கொளுத்தினால், இவர் அதைத் தாண்டிக் காலை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"அண்ணே, சீக்கிரம் முடிங்க. ஆமா, இது நெசமாவே உசுரோட இருக்கிற மலைதானா?"

"ஆமா சார்."

"புகையே காணோமே!"

விருந்துக்கு வந்த வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் இதவிட ரெண்டு மடங்கு ஒசரமான ரிஞ்சானி மலையே ஏறினவன்" என்றார் வழியில், யாரும் கேட்காமல்.

"பாதியில திரும்பி வந்தீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள் ரெத்னோ, இருட்டில் பின்னாலிருந்து.

உச்சியில் எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்புக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அதைத் தாண்டி ஆள் விழுந்தால் நெங்காவின் வழிகாட்டி அட்டை பறிபோகும். அட்டை போனால் பிழைப்பு போகும். இரண்டுக்கும் முன்னால் உயிரே போகலாம், ஏனென்றால் விழுந்தவரை இழுத்துவர இறங்க வேண்டியவன் அவன்தான். இவ்வளவையும் ஒரு கயிறு தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆசாமிக்கோ கயிறு என்பது அந்தப் பக்கம் ஏதோ நல்லதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கான அறிவிப்பு.

நெங்கா வழக்கம்போல, கயிற்றுக்கு இப்பால் பாறை இடுக்கில் ஆவி வரும் துளையில் முட்டைகளை வைத்து மூடினான். வந்தவர்களுக்கு அதுதான் காலைப் பலகாரம். அவனுக்கு அது வேறு கணக்கு. இரண்டு கிராம்பு சிகரெட் இழுத்து முடித்தால் முட்டை வெந்திருக்கும். பத்தொன்பது வருடமாக இது மாறியதில்லை. அன்றோ முதலாவது சிகரெட்டில் பாதி போவதற்குள் ஒரு முட்டை வெடித்தது. எடுத்து உடைத்தான். மஞ்சள் கரு கல்லாக இருந்தது.

உச்சியில் காப்பிக் கடை போட்டிருந்த மென் ருக்மி அந்த முட்டையைப் பார்த்தாள். உடனே கெட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூட்டை கட்டினாள்.

"சார், எறங்கலாம்" என்றான் நெங்கா.

"இப்பத்தானேய்யா சூரியன் வருது!"

"முட்டை சீக்கிரம் வெந்துடுச்சு சார். கீழ சூடு ஏறுது."

"சீக்கிரம் வெந்தா நல்லதுதானே? உப்பு இருக்கா?"

மென் ருக்மிக்குப் பொறுக்கவில்லை. "இந்தா சார், மழைக்கும் புயலுக்கும் கடையக் கட்டாதவ நான். ஏவாரத்த விட்டுட்டு ஓடுறேன்னா சும்மாவா?"

"ஏங்க, வாங்க போலாம்" என்றாள் ரெத்னோ.

"ஒரே ஒரு போட்டோ. இன்னும் பத்தடிதான்."

சொல்லிவிட்டுக் கயிற்றைத் தூக்கினார், குனிந்தார், போய்விட்டார். சொன்ன பத்தடியோடு நின்றாரா? இந்த இனம் நின்றதாகச் சரித்திரம் உண்டா? ஒரு துருத்திய பாறையில் போய் நின்று, "அண்ணே, நீங்க வந்து எடுங்க. பின்னால புகை வரணும்!" என்று கத்தினார்.

நெங்கா போனான், படம் எடுக்க அல்ல. சூட்டில் செருப்பின் அடி இளகியது. காலுக்குக் கீழே ஏதோ சீறியது. அவன் எட்டி அவர் முதுகுப் பையின் வாரைப் பிடித்து இழுக்கவும், பாறை இடுக்கு பிளந்து ஆவி பீறிடவும் சரியாக இருந்தது. தொப்பி பறந்தது. இரண்டு பேரும் விழுந்தடித்துக் கயிற்றுக்கு இப்பால் வந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு ஆவி நின்றுகொண்டிருந்தது. புகை கேட்டாரல்லவா?

நெங்காவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து சிவந்திருந்தது. ரெத்னோ தன் சால்வையை நனைத்துச் சுற்றிவிட்டாள்.

"ரொம்ப எரியுதாண்ணே?"

"முட்டையை விடக் கொஞ்சம் லேட்டாத்தாம்மா வெந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. இறங்கி முடிக்கிறவரை புருஷன் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆசாமி என்ன செய்தார்? பாதி வழி வரை நெங்காவின் முதுகை ஒட்டிக்கொண்டே இறங்கினார். மீதி வழியில் தெம்பு வந்துவிட்டது. ஏறி வந்துகொண்டிருந்தவர்களை நெங்கா கையைக் காட்டித் திருப்பி அனுப்ப, இவர் அவர்களிடம், "போகாதீங்க. மலை சரியில்ல. எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. 'உள்ளே வராதீர்' என்று எழுதிய கதவின் கைப்பிடியை ஒரு தரம் திருகிப் பார்த்தது யார்? அருவியில் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒன்னும் ஆகாது, எடு" என்றது யார்? அதெல்லாம் போகட்டும். இவ்வளவு சொன்ன பிறகும், அந்தப் பாறையில் நின்று பார்த்தால் உள்ளே எப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் ஓர் எட்டு வைத்தீர்களா, இல்லையா? வைத்தீர்கள். நெங்காவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடிவாரத்தில் கார் கிளம்பியது. கிளம்பிய கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. நன்றி சொல்லத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து, நெங்கா வெந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் போனான்.

"அண்ணே, தொப்பி அங்கேயே கெடக்கு. பொறந்தநாளுக்கு வாங்கினது. அடுத்து மேல போறப்ப எடுத்து ஓட்டல்ல குடுத்துடுங்க. கயித்துலேருந்து பத்தடிதான்."