விசிறியும் மூன்றாம் ஓலையும்

சேசு மரி சூசை

திருவெறும்பூர்,
16-8-1983

மதிப்பிற்குரிய மச்சான் செபஸ்தியான் அவர்களுக்கு அமிர்தசாமி எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் இவ்விடம் நானும் உங்கள் தங்கையும் மகள் லூர்துராணியும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை. ஆகவே எழுதிவிட்டேன். நாகப்பட்டினத்தில் நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் மீன்பிடி லாஞ்சும் நலமாக இருக்க வேண்டுகிறேன். குறிப்பாக நீங்கள் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வந்தாக வேண்டும்.

லூர்துராணிக்கும் பஹ்ரைன் மாப்பிள்ளை தைரியராஜுக்கும் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கடைசித் தடவையாகக் கேட்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் கல்யாணம். நம் பங்கில் இதுவரை ஒருத்தரும் திறந்தது கிடையாது. பிரசங்கத்தில் தூங்குகிற ஜனம் ஓலை வாசிப்பிலும் தூங்கும். இந்த ஞாயிறு மட்டும் சம்பந்தியம்மாள் ரோசரி, அதாவது மாப்பிள்ளையைப் பெற்றவரே, எழுந்து நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். காரணம் நீங்கள் அனுப்பிய விசிறி. நான் கோபப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் கோபப்படாமல் படியுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாப்பிள்ளை தன் உத்தியோகத்தைச் சொன்னார். அங்கே ஒரு கிளப்பில் மோட்டார் போட் ஓட்டுகிறார். போட்டுக்குப் பின்னால் நீளமாகக் கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலில் பலகை மாட்டின துரைமார், போட் வேகம் பிடித்ததும் தண்ணீர்மேல் நின்றுகொண்டே போவார்களாம். நீங்களும் நிப்பீங்களா என்று கேட்டேன். சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தால் ஆமாம் என்றுதானே மச்சான் எடுத்துக்கொள்ள வேண்டும்? அதோட விட்டிருக்கலாம். சம்பந்தியம்மா நடுவுல வந்து, திருச்சியில அதுக்கெல்லாம் ஏது வசதின்னு ஒரு வார்த்தை விட்டாங்க. ரிடையர் ஆகிற வரைக்கும் தொழிற்சாலையில பாய்லர் பக்கத்துலயே நின்னவன் நான். காவேரி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடும்போது இப்படி ஒரு பேச்சைக் கேட்டுக்கிட்டு எப்படி சும்மா இருப்பேன்?

மாப்பிள்ளையைக் காவேரிமேலேயே நிற்க வைத்துக் காட்டுவதென்று ஓடத்துறைக் காத்தமுத்துவின் படகைக் கேட்டேன். யோசித்துத்தான் கொடுத்தார். ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்த ஜீப் இன்ஜினை அதில் உட்கார வைத்தேன். படகின் அடியில் சுழன்று தள்ளுகிற புரொபல்லருக்கு உங்களுக்கு எழுதினேன். நீங்கள் மீன் லாரியில் ரெண்டு அனுப்பினீர்கள், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. இப்போது வீட்டில் எல்லாருமே அதை விசிறி என்றுதான் சொல்கிறோம். கூடவே லாரி டிரைவரிடம் சொல்லியும் அனுப்பினீர்கள்: ஆளை இழுக்கிறதுன்னா சின்னதைப் போடச் சொல்லு, அதுல இலையோட முறுக்கு கம்மி, இன்ஜின் திணறாம தன் ஓட்டத்துக்கு ஓடும், இழுவை கிடைக்கும், பெரிசு வெறும் படகை விரட்டுறதுக்கு. சொன்னீங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா வற்புறுத்திச் சொன்னீங்களா? மீன் கூடைக்கு நடுவுல வர்ற புத்திமதியை ஒரு மனுஷன் எவ்வளவு மதிக்க முடியும்? எங்க தொழிற்சாலையில அளவுல சந்தேகம் வந்தா பெரிசைப் போடுன்னுதான் பழக்கம். போல்ட்டா இருந்தாலும் பிளேட்டா இருந்தாலும் அதுதான் கணக்கு. அதே கணக்குல பெரிசைப் பூட்டினேன்.

பூட்டிவிட்டுச் சும்மா விட்டேனா? முறைப்படி டெஸ்ட் பண்ணினேன். படகைக் கரையிலிருந்த அரச மரத்தில் கட்டி முழு வேகம் கொடுத்தேன். தண்ணீர் பின்னால் கொந்தளித்தது. மரம் அசையவில்லை, படகும் அசையவில்லை, கயிறும் அறவில்லை. எனக்குப் பரம திருப்தி. இன்ஜின் மட்டும் கொஞ்சம் இருமியது. வேகம் பத்தவில்லை என்று ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். இனிமேல் யார் காலும் கையும் அதைத் தொட வேண்டியதில்லை.

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினக் கொடியேற்றுகிற நாளும்கூட. பூசை முடிந்து ரெண்டு குடும்பமும் புதுத்துணியோடு ஓடத்துறைக்கு வந்துவிட்டோம். மாப்பிள்ளை விசிறியைக் குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், சட்டையைக் கழற்றினார். மரியாதைப்பட்ட பிள்ளை. தண்ணியில இறங்கி, பலகை மாட்டி, கயிறைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். நான் படகை எடுத்தேன். கயிறு விறைச்சுதோ இல்லையோ இன்ஜின் மாடு முக்குற மாதிரி முக்குது, முன்னால போக மாட்டேங்குது. மாப்பிள்ளை எழுந்திருக்கவும் முடியலை, முங்கவும் முடியலை, துவைக்கப் போட்ட வேட்டி மாதிரி பின்னால வர்றார். வாய் வழியாப் போன காவேரியில பாதி மூக்கு வழியா வந்துச்சு. கரையில சம்பந்தியம்மா ஜெபமாலையை வெளியே எடுத்துட்டாங்க.

மனுஷனுக்கு மானம் முக்கியம். கரைக்கு வந்ததும், மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, மாமா அந்தச் சின்னதைப் போட்டுப் பார்ப்போமே என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி மாற்றினேன். மாற்றினது சரி மச்சான், ஆக்ஸிலேட்டர்ல கட்டின கம்பியை நான் மறந்துட்டேன். பெரிய விசிறிக்கு மூச்சு முட்டின அதே இன்ஜின் இப்ப முழு வேகத்துல அலறுது. கயிறு விறைச்ச வேகத்துல மாப்பிள்ளை எழுந்தார் பாருங்க, என்னமா நின்னார் தெரியுமா. ரோசரியம்மா ஜெபமாலையைக் கீழே போட்டுட்டுக் கையைத் தட்டினாங்க. லூர்துராணி வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. அந்த நிமிஷம் நான்தான் திருச்சிக்கு ராஜா.

அடுத்த நிமிஷம் எதிர்க்கரை ஸ்ரீரங்கம் வந்துவிட்டது. குறைக்க முடியலை, கம்பி. நிறுத்த முடியலை, சாவியே வைக்கலை. இன்ஜினுக்குக் கரன்ட் போகிற காயில் வயரைப் பிடுங்கினேன், ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. விழுந்த வேகத்தில் சுக்கான் திரும்பிப் படகு வளைந்தது. மாப்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டார். விட்டவர் வந்த வேகத்துக்கு நேரே அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்த அழகிரி என்ற பெரியவர் முன்னால் பலகையும் காலுமாக உட்கார்ந்தார். அவருடைய எள்ளும் தர்ப்பையும் ஆற்றோடு போயிற்று. பெரியவர் கோபிக்கவில்லை. ஸ்வாமி எந்த ஊரிலிருந்து எழுந்தருளியிருக்கிறார் என்று விசாரித்தாராம். பஹ்ரைன் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அவ்வளவு தூரமா என்று தன் துண்டையே கொடுத்தாராம்.

வயர் போன இன்ஜின் நின்று நானும் அந்தப் படித்துறைக்கே ஒதுங்கினேன். மாப்பிள்ளைக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ரோசரியம்மா பாலத்து வழியாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்:

"எனக்கு இருக்கிறது ஒத்தைப் பிள்ளை. மூணாம் ஓலை வாசிக்கட்டும், நானே எந்திரிச்சு நிக்கிறேன்."

லூர்துராணி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. ஆகவே நீங்கள் சனிக்கிழமை வந்து, சம்பந்தியம்மா முன்னால் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, தவறு விசிறியுடையதுதான், அமிர்தசாமியுடையது அல்ல என்று சொல்ல வேண்டும். ரெண்டு விசிறி அனுப்பினவர் நீங்கள். ஒன்றே ஒன்றை அனுப்பியிருந்தால் எனக்கு யோசிக்க வேண்டிய வேலையே வந்திருக்காது. பெண்பிள்ளை வாழ்க்கை, மறுத்துப் பேசாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர், அக்காவுக்கு எங்கள் தோத்திரம், வேளாங்கண்ணி மாதா உங்கள் லாஞ்சை அலையிலும் பாறையிலும் காப்பாளாக.

தங்கள் வருகைக்குக் கோயில் வாசலில் நிற்கப்போகும்,
அமிர்தசாமி

பி.கு.: புதன் காலை. உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை முழங்காலில் பிளாஸ்திரியோடு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க நான் எழுந்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா அங்க நான்தான் மாமா எல்லாரையும் இழுத்தேன். போட் ஓட்டுறவன் பலகையில ஏறக்கூடாதுன்னு ரூல். என்னை ஒருத்தர் இழுத்தது இதான் முதல் தடவை" என்றார். கண் கலங்கியிருந்தது. இனி பஹ்ரைனுக்குத் திரும்புவதில்லையாம். இங்கேயே என்னோடு இருந்து படகு விடப்போகிறாராம். பிள்ளை ஊரோடு இருக்கப்போகிறது என்றதும் ரோசரியம்மா, மூணாம் ஓலையைச் சனிக்கிழமையே வாசிக்க முடியுமா என்று கேட்கிறார். லூர்துராணி கேட்காமலே ரெண்டாம் தடவை காபி கொண்டுவந்தாள். பஹ்ரைன் மாப்பிள்ளை, பஹ்ரைன் மாப்பிள்ளை என்று நான் மன்னார்புரத்திலிருந்து காந்தி மார்க்கெட் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன் மச்சான். இனிமேல் ஓடத்துறையில் படகு விடுகிற மாப்பிள்ளை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? விசிறிக்குச் சத்தியம் பண்ண வேண்டாம். ஆனால் சனிக்கிழமை கண்டிப்பாக வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் தடை கேட்கும்போது யாராவது எழுந்து நிற்க வேண்டும். நானே நிக்கலாம்னு பார்த்தேன், இதுங்க மூஞ்சியில இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தா எனக்கு வாய் வரலை. நீங்க வெளியூர், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.